செம்பருத்தித் தொட்டியைச் சுற்றி மஞ்சள் கோடு

ஜூன் 7, ஞாயிறு

ஜெசிந்தா, இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடு. மணி பன்னிரண்டே கால். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு. சமையல் மேடையில் நோட்டை வைத்து நின்றபடியே எழுதுகிறேன். மித்ரா தூங்கும் நேரம்தான் என் நேரம்.

நோட்டு போன வாரமே கூரியரில் வந்துவிட்டது. ஹாஸ்டலில் ஆரம்பித்தது, இது நாலாவது நோட்டு. "போன்ல பேசிக்கலாமல்ல, இதென்ன ரெண்டு பேரும் நோட்டை அனுப்பிட்டு?" என்று இவர் சிரிக்கிறார். போனில் பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்கும்.

நாலு பக்கம் உன் ஆய்வகத்து இறால்களைப் பற்றி எழுதிவிட்டு, ஐந்தாம் பக்கத்தில் ஒரே வரியில் 'மூணு மாசம்' என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, 'ஏட்டி, உனக்கு இந்த அம்மாத்தனமெல்லாம் தானா வந்துச்சா? உண்மையச் சொல்லு' என்று ஒரு கேள்வி. பதில் எழுதுவேன். இன்றைக்கு இல்லை.

நாளை வேலையில் சேருகிறேன். இங்கே கோபியிலேயே, பஸ்ஸில் இருபது நிமிஷம். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு விலங்கியல். குழந்தைக்கு ஒரு வயது ஆகட்டுமே என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த இடம் ஒரு வயது வரை காத்திருக்காது. படித்து முடித்து நாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் இடம்.

ஏற்பாடு எல்லாம் ஆயிற்று. விடியற்காலையில் பாலை எடுத்து மூன்று எவர்சில்வர் சம்படங்களில் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மூடிகளில் நெயில் பாலிஷால் 1, 2, 3 என்று எழுதிவிட்டேன். பத்தரைக்கு ஒன்று, ஒன்றரைக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று. வெந்நீர்க் கிண்ணத்தில் சம்படத்தை வைத்து இளஞ்சூடாக்கிப் பாலாடைச் சங்கில் புகட்ட வேண்டும். புகட்டப் போவது நங்கையா. நான் நங்கையா என்று கூப்பிடுவது இவருடைய அக்கா மயிலாத்தாளை. என் வளைகாப்புக்கு வந்தபோது நீ பார்த்திருப்பாய், அடுப்படியை விட்டு வெளியே வராமல் ஏழு வகை சாதம் கிளறிக்கொண்டிருந்தாரே, அவர்தான். பதினோரு வருஷம் பார்த்துவிட்டுக் குழந்தை இல்லை என்று கட்டிக்கொடுத்த வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது எங்களோடுதான் இருக்கிறார். வயது நாற்பத்து மூன்று.

ஏற்பாட்டை மூன்று முறை விளக்கினேன். மூன்று முறையும், "செரி அம்மிணி" என்றார்.

பதற்றம் எதுவும் இல்லை. மித்ரா மூச்சு விடுகிறாளா என்று இதுவரை நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டேன். அது சும்மா.

ஜூன் 8, திங்கள்

சேர்ந்துவிட்டேன். அவள் அழவில்லை. பஸ்ஸில் நான்தான்.

ஜூன் 11, வியாழன்

மதிய இடைவேளையில் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிடுகிறது. எங்கே போய் எடுப்பது? ஆசிரியர் அறையில் தமிழ் ஐயாவும் பி.டி. சாரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கழிப்பறையில் எடுக்க மனம் வரவில்லை. கடைசியில் விலங்கியல் ஆய்வகத்தின் உள்ளறை கிடைத்தது. ஒரு பக்கம் பாட்டிலில் நாடாப்புழு, மறுபக்கம் கம்பியில் தொங்கும் எலும்புக்கூடு. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எடுத்து, ஐஸ் போட்ட டப்பாவில் வைத்துக்கொண்டு வருகிறேன். அதையும் மறுநாளைக்கு ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.

மாலை ஐந்துக்குப் படியேறினால் நங்கையா வாசலிலேயே மறிக்கிறார்.

"வெயில்ல வந்திருக்கே. சூட்டுப் பாலை உடனே குடுத்தராத. பொடக்காளிக்குப் போயி மொதப் பாலைச் செவுத்துல பீச்சி உட்டுட்டு வா."

உடம்புச் சூடு பாலில் ஏறாது என்று எனக்குத் தெரியும். எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம், உடலியங்கியல், எழுபத்து நாலு மதிப்பெண். இருந்தாலும் புழக்கடைக்குப் போய்ப் பீச்சிவிட்டுத்தான் வந்தேன். எதற்கு வம்பு.

ஜூன் 15, திங்கள்

துணி துவைத்தேன். மித்ராவின் கழுத்துத் துணியில் பழுப்பாக ஒரு கறை. நங்கையா காபியைச் சிந்தியிருப்பார்.

மொட்டை மாடியில் அவர் வளர்க்கும் செம்பருத்தி தளதளவென்று இருக்கிறது. தொட்டியைச் சுற்றி மஞ்சள்தூளில் வட்டமாக ஒரு கோடு இழுத்திருக்கிறார். கேட்டதற்கு, "எறும்பு ஏறக் கூடாதல்ல அம்மிணி" என்றார். செடிக்கு இப்படிப் பார்க்கும் மனுஷி என் பிள்ளையை எப்படிப் பார்ப்பார் என்று நிம்மதியாக இருந்தது.

பால் பாக்கெட் தினமும் ஒன்று கூடுதலாக வாங்குகிறோம். காபி அதிகமாகிவிட்டது போல.

ஜூன் 19, வெள்ளி

இன்று ஒன்று நடந்தது, உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பு, விலங்குலகம், பாலூட்டிகள். நாற்பத்திரண்டு பேர். வகைப்பாட்டைச் சொல்லி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து கை உயர்ந்தது.

"டீச்சர், ஆம்பளைப் பூனை பால் குடுக்கறதில்லைங்களே. அப்பறம் எப்பிடிங்க அதும் பாலூட்டி?"

பக்கத்தில் இருந்தவன் சும்மா இருப்பானா? "அப்ப எங்கப்பனும் பாலூட்டிங்களா டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன், கேள்வி சரியான கேள்விதான். இந்த வகுப்பு விலங்குகள் எல்லாவற்றுக்கும் ரோமம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நடுக்காதில் மூன்று சின்ன எலும்புகள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று போல. அதை வைத்துப் பெயர் வைத்திருக்கலாம். பாதிப் பேர் மட்டும், அதுவும் வாழ்க்கையில் கொஞ்ச காலம் மட்டும் செய்யும் வேலையை எடுத்து மொத்தத்துக்கும் பெயராக வைத்துவிட்டார்கள். பெயர் மட்டும் எல்லோருக்கும் பொது, வேலை ஒருத்திக்கு.

இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பால் என்ற சொல்லை எத்தனை முறை சொன்னேனோ, உடம்பு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. முதல் பெஞ்சில் ஹரிணி என்ற பெண் மெதுவாக, "டீச்சர், சேலை…" என்றாள். ரவிக்கையும் மாராப்பும் நனைந்து வட்டமாகத் தெரிந்தது. வருகைப் பதிவேட்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். பின்னால் குசுகுசுவென்று சத்தம்.

 பிறகு பதிவேட்டை மேசையில் வைத்தேன். திரும்பி நின்றேன்.

"எனக்கு அஞ்சு மாசக் கொழந்தை இருக்கு. அது பசியாறுற நேரம் இது. அதனால பால் சுரக்குது. இப்ப நாம படிச்சதுதான். அடுத்த பாயிண்ட் எழுதிக்குங்க."

எழுதினார்கள் ஜெசிந்தா. நாற்பத்திரண்டு பேரும் குனிந்து எழுதினார்கள். 

கடைசியாகப் புறாவைச் சொன்னேன். பாலூட்டி இல்லைதான், ஆனால் குஞ்சு பொரித்ததும் புறாவின் தொண்டைப் பையில் பால் போல ஒன்று சுரக்கும், தாய்க்கும் சுரக்கும், தகப்பனுக்கும் சுரக்கும் என்று. கடைசி பெஞ்சு அதற்குச் சிரிக்கவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

மித்ராவுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. தெருமுனை மாவு மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தராசுத் தட்டில் துண்டு விரித்துப் படுக்க வைத்தேன். மில்காரர், "மொளகாயா அம்மிணி, மல்லியா?" என்று கேலி பேசிக்கொண்டே எடை போட்டார். ஐந்து கிலோ தொள்ளாயிரம். மே மாதம் டாக்டர் அட்டையில் குறித்தது ஆறு கிலோ.

மில் தராசு துல்லியமாக இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் நங்கையாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பச்சப் புள்ளையத் தராசுல போடுவாங்களா? கண்ணுப் பட்டுப் போகாது?" மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். முகம் வெளுத்திருந்தது. என்னைவிட அவர்தான் அதிகம் பயந்திருக்கிறார் என்று தோன்றியது. ஏன் என்று கேட்கவில்லை.

ஜூன் 24, புதன்

மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு. சரியாகத்தான் இருக்கிறது. இன்னொரு முறை எண்ணினேன்.

ஜூன் 27, சனி

டாக்டரம்மாவின் தராசிலும் ஐந்து தொள்ளாயிரம்தான். மாவு மில்லைக் குறை சொல்ல முடியாது.

"தாய்ப்பால் மட்டும்தானே?" என்றார். "ஆமாங்க டாக்டர்" என்றேன். சத்தியம் செய்யாத குறை. அவர் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். ஆகஸ்ட் முதல் தேதி திரும்பக் கொண்டுவரச் சொன்னார்.

இவர் வீட்டில் செருப்பைக் கழற்றும்போதுதான் ஆரம்பித்தார்.

"இந்து, நான் ஒண்ணும் பழங்காலத்து ஆளு கெடையாது. உனக்கே தெரியும். ஆனா இயற்கைன்னு ஒண்ணு இருக்கல்லோ? தாயி பக்கத்துல இல்லீனா புள்ளை தேறாது. அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்?"

"சரிங்க. என்ன பண்ணலாம்னு சொல்லுங்க."

"ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி எடை ஏறலீன்னா லெட்டர் எழுதிக் குடுத்துரு. அவ்வளவுதான்."

கீழ்வீட்டு ஈஸ்வரியக்கா மாடிப்படியில் நின்றபடியே, "பெத்தவ மடிச்சூடு இல்லாத புள்ளை எப்பிடித் தேறும்?" என்று முடித்து வைத்தார். நங்கையா மித்ராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் வீட்டை விட்டு வெளியே போகிற நாளில் மட்டும் எல்லோருக்கும் இயற்கை ஞாபகம் வருகிறது.

ஜூன் 30, செவ்வாய்

கடிதத்தை எழுதிவிட்டேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பணியிலிருந்து விலக அனுமதிக்குமாறு'. ஆறே வரி. தேதி மட்டும் போடவில்லை. இந்தப் பக்கத்தில்தான் மடித்து வைத்திருக்கிறேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். இன்று முதல் இரண்டு பீரியட், தவளையின் இதயத்தை வரைந்து விளக்கியபோது, மித்ரா என்று ஒருத்தி இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. எண்பது நிமிஷம். மணி அடித்த பிறகுதான் நினைவு வந்தது. அந்த எண்பது நிமிஷமும் நான் சந்தோஷமாக இருந்தேன். எடை இறங்கியது அந்தச் சந்தோஷத்துக்காகத்தானோ என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். விலங்கியல் படித்தவள் யோசிக்கிற யோசனையா இது?

ஜூலை 3, வெள்ளி

இடைப்பருவத் தேர்வு என்பதால் பள்ளி அரை நாள்தான். பன்னிரண்டேமுக்காலுக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். மித்ரா தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நங்கையாவைக் காணோம். மொட்டை மாடிக்குப் போனேன்.

செம்பருத்தித் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். கையில் சம்படம். மூடியில் சிவப்பாக 2. பாலை வேரில் மெதுவாக ஊற்றினார். மேலே ஒரு பிடி மண்ணைத் தூவி மூடினார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சள்தூளை எடுத்துக் கோட்டைப் புதுப்பித்தார். பிறகு, ஜெசிந்தா, சம்படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் கத்தியிருக்க வேண்டும்.  "நங்கையா" என்று மட்டும் சொன்னேன். திரும்பினார். சம்படம் கையிலிருந்து நழுவிப் படிவரை உருண்டது.

"எத்தனை நாளாங்க?"

அவர் உருண்ட சம்படத்தை எடுக்கக் குனிந்தார்.

"எத்தனை நாளாங்க நங்கையா?"

"மொத நாளே ஊத்தீட்டேன் அம்மிணி."

"நான் பால் எடுக்கறதுக்கு நாலு மணிக்கு எந்திரிக்கிறேன்."

"தெரியும். நானும் முழிச்சிட்டுத்தான் படுத்திருப்பேன்."

"அப்பறம் ஏனுங்க?"

"மடியை உட்டு எறங்குன பாலு செத்த பாலு கண்ணு. அதை ஐஸ் பொட்டியில வெச்சு, பச்சப் புள்ளைக்கு ஊத்தி, மாந்தம் வந்துதுன்னா? ஈஸ்வரியும் சொன்னா. அதான் பசும்பாலைத் தண்ணி கலந்து காய்ச்சிக் குடுத்தேன். கொஞ்சம் ராகிப் பாலு. ஊருல எல்லாப் புள்ளைக்கும் அதானே குடுக்கறாங்க."

கழுத்துத் துணியில் பழுப்புக் கறை. கூடுதல் பால் பாக்கெட். மூன்று வாரமாக எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. நானே இந்த நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

"கீழ ஊத்தறதுதானே, சாக்கடையில ஊத்த வேண்டியதுதானே? இதெல்லாம் எதுக்கு, மண்ணு, மஞ்சளு?"

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான திகைப்பு.

"சாக்கடையில ஊத்துவாங்களா? எறும்பு தின்னா உனக்குப் பாலு வத்திப் போயிருமல்ல. உனக்கு வத்தக் கூடாதுன்னுதான் இத்தனையும்."

படியில் உட்கார்ந்துவிட்டேன். இருபது நாள் என் பாலை ஒரு சொட்டு விடாமல் கொட்டியவர், அது வற்றிவிடக் கூடாது என்று தினமும் மஞ்சள் கோடு கிழித்துக் காவல் காத்திருக்கிறார். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது. கோபமும் இருந்தது. இல்லை என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க. மாட்டேன்னு சொல்லியிருந்தா நான் வேற வழி பார்த்திருப்பேன்."

அப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. இத்தனை நாளில் முதல் தடவை.

"எப்பிடி மாட்டேன்கிறது? புள்ளை பாக்கத்தானே இந்த ஊட்டுல எனக்குச் சோறு? இதா பாரு, இந்து. உங்கையில புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பாவம் பெத்தவன்னு சொல்லுவாங்க. எங்கையில ஆச்சுன்னா? பெக்காதவ கையில குடுத்தா இப்பிடித்தான்னு சொல்லுவாங்க. ஊரை உடு. என்ற தம்பி வாயிலயே வரும். நீ புதுசா ஒண்ணைச் செய்யச் சொல்லுவ. தப்பாப் போனா நீ படிச்சவ, தப்பிச்சுக்குவ. ஊரே செய்யறதைச் செஞ்சா என்னைய யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு…"

 கீழே மித்ரா சிணுங்கினாள். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

என் வளைகாப்பு நினைவுக்கு வந்தது. வளையல் போட ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார்கள். "மயிலா, அந்த எலுமிச்சைச் சாதத்தைப் பாரு" என்று அவரை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். நான் மணையில் இரண்டு கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தேன். பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

தினமும் சாயங்காலம் சுவரில் பீச்சிவிட்டு வந்தேனே, அதுவும் எதற்கு வம்பு என்றுதான். அவர் கொட்டியதாவது செடிக்குப் போயிற்று.

ஜூலை 4, சனி

காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து நேற்றைய சம்படம் ஒன்றை எடுத்து வெந்நீரில் வைத்தேன். நங்கையாவைக் கூப்பிட்டேன். அவர் கண் முன்னாலேயே பாலாடையில் ஊற்றி நான் குடித்தேன்.

"அய்யய்யே! ஏம்புள்ளை, பைத்தியமா உனக்கு?"

"செத்த பாலான்னு பார்த்தேன். நீங்களும் ஒரு வாய் பாருங்க."

"போடி அக்கட்ட."

"நங்கையா. நான் வேலைய உட மாட்டேன். உங்களையும் உட மாட்டேன். ஒரு வாய்."

பாலாடையை வாங்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிப்பது போல ஒரு சொட்டு நாக்கில் விட்டுக்கொண்டார். கண்ணைத் திறந்தார்.

"இனிக்குது" என்றார். குற்றம் சொல்கிற மாதிரி.

ஜூலை 5, ஞாயிறு

இவரிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நங்கையாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "அவனுக்குத் தெரியாம நான் ஒரு சொட்டுக் குடுக்க மாட்டேன். நாளைக்குப் பேச்சு அவன் வாயில இருந்துதான் வரும். அவன் கையால மொதல்ல குடுக்கட்டும்."

சொன்னேன். நான் எதிர்பார்த்தது போலவே, "பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன்" என்றார். அக்காவைப் பார்த்து எதுவோ சொல்ல வாயெடுத்தார். நான் நடுவில் போய் நின்றேன்.

"அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. அட்டையில எடை ஏறலைன்னா நான் வேலைய உடணும், அதானே? ஆகஸ்ட் ஒண்ணு வரைக்கும் என் ஏற்பாடு ஒழுங்கா நடக்கட்டும். அதுக்கப்பறம் பேசலாம். இப்ப பத்தரை மணி. நீங்க குடுங்க."

"நானா? எனக்கெதுக்கு… அதெல்லாம் பொம்பளைங்களுக்குத்தான் தானா வரும்."

"புறாவுல ஆணும் பால் குடுக்கும்."

"நான் புறா இல்லை."

"தெரியுது. அதனாலதான் சம்படத்துல வெச்சிருக்கேன்."

நங்கையா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தன் கடையில் பம்பு செட்டுக்கு ஒயர் மாட்டும்போது போல நெற்றி சுருங்க உட்கார்ந்தார். முதல் பாலாடை பாதி கழுத்தில் வழிந்தது. "தலையத் தூக்கிப் புடிடா, ஓரமா உடு" என்று நங்கையா அதட்டினார். மூன்றாவதிலிருந்து மித்ரா குடித்தாள். கையை நீட்டி அப்பாவின் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

ராத்திரி வரை மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாந்தம் வரவில்லை.

ஜூலை 9, வியாழன்

வெயிலில் வந்து, கை கால் மட்டும் கழுவி, நேரே எடுத்துக் கொடுத்தேன். நங்கையா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒரு தாளை ஒட்டியிருக்கிறார். ஏதோ பழைய தாளின் பின்பக்கம். பென்சிலால் தேதி, நேரம், எந்தச் சம்படம், எவ்வளவு மிச்சம் எல்லாம் இருக்கிறது. எட்டாவது வரை படித்தவர், முத்து முத்தான கையெழுத்து. '10.40. ஒண்ணாம் நெம்பர். முச்சூடும் குடிச்சா.'

மித்ராவுக்கு ஆறு மாசம் முடிந்தது. பருப்புத் தண்ணீர் ஆரம்பித்தோம்.

ஜூலை 20, திங்கள்

பிரின்ஸிபால் மேடம் கூப்பிட்டார். வகுப்பில் சொந்த விஷயம் பேசியதாக ஒரு பெற்றோர் புகார் எழுதியிருக்கிறார்களாம். "பாடம்தான் மேடம் நடத்தினேன்" என்றேன். "பாடத்தை மட்டும் நடத்துங்க" என்றார். "அது பாடத்துல இருக்குதுங்க மேடம்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்த உள்ளறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். மாலைக்குள் ஆள் வந்து போட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 26, ஞாயிறு

மாவு மில்லுக்குப் போகலாமா என்று நூறு தடவை தோன்றியது. போகவில்லை. மூச்சு எண்ணுவதைக்கூட இரவில் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டேன். சரி, இரண்டு.

ஆகஸ்ட் 1, சனி

எல்லோருமாகப் போனோம். நங்கையா கல்யாணத்துக்குப் போவது போலப் புதுச் சேலை. தராசில் மித்ராவை வைக்கும்போது மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஆறு கிலோ அறுநூற்று நாற்பது.

டாக்டரம்மா இரண்டாவது முறை எடை போட்டார். அதே. "என்னம்மா மாத்துனீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், நங்கையா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைத் திறந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேசையில் விரித்தார். டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பென்சில் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். "இப்பிடி எழுதிக் கொண்டுவர ஒரு அம்மாவை நான் பார்த்ததில்லை" என்றார்.

"நான் அம்மா இல்லீங்க. அத்தை" என்றார் நங்கையா.

தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க டாக்டரம்மா தாளைத் திருப்பினார். அங்கே நீல மையில் என் கையெழுத்து. 'குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பணியிலிருந்து விலக'. நோட்டில் மடித்து வைத்ததை நங்கையா எப்போது எடுத்தாரோ. இவர் எட்டிப் பார்த்து, என்னைப் பார்த்து, அக்காவைப் பார்த்தார்.

"இது என்னங்க?" என்றார் டாக்டரம்மா.

நங்கையா கையை நீட்டித் தாளைத் திருப்பி வைத்தார்.

"அது வேண்டாத பக்கமுங்க. இந்தப் பக்கம் பாருங்க."

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது இவர் மெதுவாக, "திங்கக்கெழமை நான் லேட்டாக் கடைக்குப் போறேன். பத்தரை மணி சம்படம் நான் குடுத்துட்டே போறேன்" என்றார்.   ஜூன் 30 பக்கத்தில் கடிதத்தைத் தேடாதே ஜெசிந்தா. அது மறுபடியும் ஃப்ரிட்ஜ் கதவுக்குப் போய்விட்டது.

இப்போது மணி பதினொன்றரை. உன் கேள்விக்கு வருகிறேன்.

தானாக வரவில்லை. பிறந்த மூன்றாம் நாள் அவளுக்கு வாய் வைக்கத் தெரியவில்லை, எனக்கு வைத்துவிடத் தெரியவில்லை. காம்பு வெடித்து ரத்தம் வந்தது. வார்டு நர்ஸ் ஒருத்தி, தன் இரண்டு விரலை வைத்து, இப்படிப் பிடி, இப்படித் திருப்பு என்று காட்டிக் கொடுத்தாள். சைக்கிள் கற்றுக்கொண்ட மாதிரிதான் கற்றுக்கொண்டேன். முதல் ஆறு வாரம் அவளைப் பார்த்தால் பயம் மட்டும்தான் வந்தது. பாசம் வரவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் குளிப்பாட்டி, துடைத்து, எடுத்து, கொடுத்து, எந்த நாள் என்று சொல்லத் தெரியாமல் ஒரு நாள் அது இருந்தது. நங்கையாவுக்கும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். இவருக்கு ஜூலை ஐந்தாம் தேதி, மூன்றாவது பாலாடையில் வந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே உனக்கு வரவில்லை என்றால் பயப்படாதே. உன் மாமியார் எதையாவது கொட்டினால் எங்கே கொட்டுகிறார் என்று மட்டும் பார்.

நோட்டைத் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் கூரியரில் போடுகிறேன். வாந்தி நின்றதா, ஆய்வகத்தில் சொல்லிவிட்டாயா, யார் உன்னோடு இருக்கிறார்கள், இவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டும். இரண்டு வரி போதும். சீக்கிரம் பதில் எழுது.